யாருடைய பொறுப்பில் போகிறீர்கள்?

செங்கல்பட்டுப் பக்கம் பெண்கள் கூட்டமாக வெளியூர் போவது புதிதே இல்லை. மார்கழி, தை மாதங்களில் திருச்சி நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் தெரியும். வண்டி வண்டியாகச் செவ்வாடைப் பெண்கள் மேல்மருவத்தூருக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். பெண்களே கருவறைக்குள் போய் வழிபடலாம், மாதவிடாய் நாளும் தடையில்லை என்று வழக்கம் வைத்திருக்கும் கோயில் அது. எங்கள் தெருவில் அங்கே போகாத பெண் கிடையாது. "மருவத்தூருக்குப் போறோம்" என்று சொன்னால் வீட்டில் மறு கேள்வி வராது. கல்யாணம், வளைகாப்பு, சாவு, கருமாதி, வங்கிக் கடன் கூட்டம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

அனுமதி கிடைக்காத காரணம் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் "சும்மா". சும்மா போகிறோம், சும்மா பார்க்கப் போகிறோம், சும்மா ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருகிறோம் என்று ஒரு பெண் சொல்லிப் பார்க்கட்டும். வீடே எழுந்து உட்கார்ந்துவிடும். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' என்ற புத்தகம் இதைத்தான் பேசுகிறது. பொது இடத்தில் இருக்கும் பெண் எப்போதும் ஏதோ ஒரு வேலைக்காகவே அங்கே இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காரணமில்லாமல் நிற்கவும், அதில் இருக்கும் ஆபத்தைத் தானே தெரிந்து ஏற்கவும் அவளுக்கு உரிமை வேண்டும் என்கிறார்கள் அவர்கள். மும்பைக்கு அது தெருமுனை. எங்களுக்கு அது 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கடல்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் தொடங்கின. அந்த வரிசையில் வெகு காலம் கழித்து வந்தது எங்கள் குழு. நான் அதன் ஊக்குநர். வாரக் கூட்டம் நடத்துவது, சந்தா வாங்குவது, தீர்மான நோட்டு எழுதுவது, வங்கிக்கு அலைவது எல்லாம் என் வேலை. 2024 தொடக்கத்தில் ஒரு கூட்டத்தில், கடன் தவணை எல்லாம் பேசி முடிந்த பிறகு, ஒருத்தி கேட்டாள்: "மகாபலிபுரம் இவ்ளோ கிட்டக்க இருக்குது. நான் பள்ளிக்கூடத்துல டூர் போனதோட சரி. நாமளே போனா இன்னா?"

மாதம் 125 ரூபாய் என்று முடிவானது. பிப்ரவரி முதல் அடுத்த ஜனவரி வரை 12 மாதம், தலைக்கு 1,500 ரூபாய். குழுக் கணக்கில் கலக்காமல் தனி நோட்டு. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை எங்களில் பலருக்கு வந்துகொண்டிருந்தது. மாதம் 1,000 ரூபாய். அதில் எட்டில் ஒரு பங்கைக் கடலுக்கென்று ஒதுக்கியவர்கள் பாதிப்பேர். "உரிமைத் தொகைன்னுதானே பேரு வச்சிருக்காங்க. உதவித் தொகைன்னு வைக்கலையே" என்றார் எங்களிலேயே மூத்த ஆயா. அவருக்கு வயது 68.

பணம் சேர்ப்பது சுலபமாக இருந்தது. அனுமதி சேர்ப்பதற்குத்தான் அதே பன்னிரண்டு மாதம் போதவில்லை. யார் யாரோ என் வீட்டுக்கு வந்தார்கள். கணவர், மாமியார், மூத்த மகன், ஒரு வீட்டிலிருந்து கொழுந்தனார். எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ஒன்னை நம்பித்தான் அனுப்பறோம்." கேட்க மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒரு கைமாற்றம் இருந்தது. அதுவரை அவர்கள் கையில் இருந்த சாவியை இரண்டு நாளைக்கு என் கையில் கொடுக்கிறார்கள். வீட்டில் அவர்கள் பார்த்த காவலை வெளியில் நான் பார்க்க வேண்டும்.

கூட்டமாக ஊர் பார்க்கப் போவது என்ற தொழிலே இந்தக் கைமாற்றத்தால் வளர்ந்ததுதான் போலிருக்கிறது. தாமஸ் குக் 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை ரயிலில் அழைத்துப் போனார். மதுவிலக்குக் கூட்டத்துக்கான பயணம் அது. 1863இல் அவர் முதன்முறையாகச் சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப் போனவர்களில் ஜெமைமா மோரல் என்ற பெண் எழுதிய நாட்குறிப்பு பிற்பாடு புத்தகமாகவும் வந்தது. கணவர் இல்லாமலும் தந்தை இல்லாமலும் பெண்கள் பனிமலை ஏற முடிந்ததற்குக் காரணம், "குக் கூட்டிப் போகிறார்" என்று வீட்டில் சொல்ல முடிந்ததுதான். யாரோ ஒருவர் பொறுப்பு. அந்த யாரோ ஒருவர் பெண்ணாகவே இருந்தாலும், அவர் செய்ய வேண்டியது என்ன என்பது மட்டும் மாறவில்லை.

2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். என்னோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். இளையவளுக்கு 26 வயது. காலை ஆறு மணிக்கு வேன் என்று சொல்லியிருந்தேன். ஐந்தரைக்கே எல்லோரும் தெருமுனையில் இருந்தார்கள். யாரும் தூக்கத்திலிருந்து எழுந்து வந்ததாகத் தெரியவில்லை, வேலையிலிருந்து வந்தவர்களாகத் தெரிந்தார்கள். மூன்று மணிக்கு எழுந்து இரண்டு நாளைக்கும் குழம்பு வைத்து, மாவு அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, பள்ளிச் சீருடையைத் தேய்த்து மடித்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஒருத்தி புளிக்குழம்பு சூடு செய்வது எப்படி என்று தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தாள்.

இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகச் சொல்கிறது. அதே வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடம். எங்கள் பெண்கள் விடுமுறை எடுக்கவில்லை. அந்த 299 நிமிடத்தை முன்கூட்டியே உழைத்துக் கட்டிவிட்டு வந்திருந்தார்கள். பெண்ணின் விடுமுறைக்கு முதல் நாள் இரவு என்று ஒன்று இருக்கிறது. எந்தச் சுற்றுலா விளம்பரத்திலும் அது வராது.

கொளவாய் ஏரியைத் தாண்டுவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பாட்டைவிட அதிகமாக அடித்தவை கைபேசிகள். கேஸ் திருகாணி எந்தப் பக்கம்? சின்னவனுடைய நீல சட்டை எங்கே? பால்காரருக்கு எவ்வளவு பாக்கி? பதினெட்டு வீடுகளும் வேனுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. கைபேசிகளை வாங்கிப் பையில் போட்டுவிடலாம் என்றாள் ஒருத்தி. அதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஒருத்தியின் குழந்தைக்கு முந்தின நாள் காய்ச்சல், இன்னொருத்தியின் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கிறது. பறித்து வைப்பதும் ஒரு காவல்தானே. பேசிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். மதியம் ஒரு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் எல்லோரும் வீட்டுக்குப் பேசுவது. மற்ற நேரத்தில் உடம்பு சரியில்லை என்ற விஷயத்துக்கு மட்டும் எடுப்பது. நீல சட்டையை யாராவது தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

திருக்கழுக்குன்றத்தில் காலை உணவு. மேலே மலைக்கோயில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். கழுகுகள் வந்து சோறு வாங்கித் தின்ற கதையை ஆயா சொன்னார். அங்கேதான் கவனித்தேன். இட்லி சாப்பிட்டார்கள், காபி வேண்டாம் என்றார்கள், தண்ணீர் பாட்டிலை யாரும் திறக்கவேயில்லை. கேட்டதற்குச் சிரித்தார்கள். வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது எங்கள் பெண்கள் உடம்பு படித்து வைத்திருக்கும் பாடம். வழியில் எங்கே போவது? ஆண்களுக்கு நெடுஞ்சாலை முழுக்கக் கழிப்பிடம். பெண்கள் மூத்திரப்பையில் கல்லும் நீர்க்கடுப்புமாக வீடு திரும்புவார்கள்.

அதனால் போகும் முன்பே ஒருநாள் டவுன் பஸ் பிடித்துத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எந்த உணவகத்தில் கழிப்பறை சுத்தம், எங்கே தாழ்ப்பாள் இருக்கிறது, எங்கே குப்பைக்கூடை இருக்கிறது என்று ஒரு பட்டியல். அதை வேனில் வாசித்தேன். "இந்த எடத்துல போலாம், அடுத்தது முக்கால் மணி நேரம் கழிச்சி இங்க போலாம். தண்ணி குடிங்க." சிற்பங்களைப் பற்றி நான் படித்து வைத்திருந்த எதையும்விட அந்தப் பட்டியலுக்குத்தான் கைதட்டல் கிடைத்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடும் இடம் பூஞ்சேரி. 2022 ஜூலை, ஆகஸ்டில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் அங்கேதான் நடந்தது. இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. நிறைமாதக் கர்ப்பத்தோடு ஆடினார் ஹரிகா துரோணவல்லி. அதே அணியில் சென்னைப் பெண் வைஷாலியும் இருந்தார். இதைச் சொன்னபோது, மகளுக்குச் சம்பந்தம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "ஒம்போது மாசத்துல உக்காந்து ஆடறதுக்கு அவங்க வூட்ல ஒத்துக்கினாங்களா?" என்று கேட்டார். எங்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி அதுதான்.

தங்குவதற்கு ஒரு விடுதியில் ஐந்து அறைகள் எடுத்திருந்தேன். பணம் முன்பே கட்டியாகிவிட்டது. ஆதார் அட்டைகளை அடுக்கிக் கொடுத்தேன். வரவேற்பறையில் இருந்தவர் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஜென்ட்ஸ் யாரும் வரலையா?" இல்லை என்றேன். "அப்ப யாரோட பொறுப்புல வந்திருக்கீங்க?" என் பொறுப்பில் என்றேன். அவர் பதிவேட்டைத் தள்ளினார். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஆணின் தொலைபேசி எண் வேண்டுமாம், ஏதாவது பிரச்சினை என்றால் பேச. பிரச்சினை என்றால் இங்கே மேலே இருக்கும் என்னிடம் பேசலாம், இல்லாவிட்டால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசலாம் என்று அந்த எண்ணையே எழுதினேன். அவர் முறைத்தார், பிறகு சாவிகளைக் கொடுத்தார். மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது. மாலையில் கேட்காமலேயே சுடுதண்ணீர் அனுப்பியதும் அவர்தான். ஆனால் பதினெட்டு வயதுவந்த பெண்கள், அவர்களில் மூன்று பேர் பாட்டிகள், ஒன்றாக வந்து நின்றாலும் கணக்குக்கு ஒரு ஆள் குறைகிறது என்று அவர் மனதில் பட்டது.

பத்து மணிக்கு ஐந்து ரதங்கள். யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த தொகுதியில் இவையும் சேரும். தலைக்கு 40 ரூபாய்ச் சீட்டு. ஏழாம் நூற்றாண்டில், பாறைகளை மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கோயில் வடிவம் ஆக்கியிருக்கிறார்கள் பல்லவச் சிற்பிகள். வேலை முழுமையாக முடியவுமில்லை. பஞ்சபாண்டவருக்கும் இவற்றுக்கும் உறவில்லை, பிற்காலத்தில் மக்கள் வைத்த பெயர்கள் அவை. ஐந்தில் சிறியது திரௌபதி ரதம். மற்றவை மாளிகைபோல அடுக்கடுக்காக எழும்போது இது மட்டும் கூரை வேய்ந்த குடிசை போல நிற்கும். உள்ளே இருப்பது திரௌபதி இல்லை, கொற்றவை. எதிரே அவளுடைய சிங்கம்.

"குடிசையை நம்மளுக்கு வுட்டுட்டானுங்க பாரு" என்று சிரித்தாள் இளையவள். நான் வாசலைக் காட்டினேன். இரண்டு பக்கமும் நிற்கும் காவலர்கள் பெண்கள். கோயில் வாசல்களில் கதையோடும் கோரைப்பல்லோடும் நிற்கும் துவாரபாலகர்களைத்தான் நமக்குத் தெரியும். இவர்கள் துவாரபாலிகைகள். உள்ளே ஒரு பெண், வெளியே இரண்டு பெண்கள். எங்கள் பெண்கள் அந்த வாசலில் வெகுநேரம் நின்றார்கள். "இவுங்க யாரையும் உள்ள போவாதன்னு தடுக்கற மாதிரி இல்லியே. தொணைக்கு நிக்கற மாதிரி இருக்குது" என்றார் பூக்கட்டி விற்கும் அக்கா. எனக்கு அன்று தேவைப்பட்ட வார்த்தை அவரிடமிருந்துதான் கிடைத்தது. துணைக்கு நிற்பது வேறு, தடுத்து நிற்பது வேறு. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நிலையாகத்தான் தெரியும்.

பிறகு குன்றின் மேல், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மகிடாசுரமர்த்தினி குகை. எட்டுக் கைகளோடு சிங்கத்தின் மேல் உட்கார்ந்து வில்லை இழுத்துக்கொண்டிருக்கிறாள் துர்க்கை. எருமைத் தலையோடு, கையில் கதையோடு பின்வாங்குகிறான் மகிடன். காலண்டர் படங்களில் அவன் காலடியில் கிடப்பான். இங்கே இன்னும் விழவில்லை. சண்டை நடந்துகொண்டிருக்கிறது. எதிர்ச் சுவரில் திருமால் படுத்திருக்கிறார். "இவரு தூங்கறாரு, அவ சண்டை போடறா. நம்ம வூடு மாதிரியே கீது" என்றார் ஆயா. பக்கத்தில் நின்ற வேறொரு குழுவின் வழிகாட்டியும் சிரித்துவிட்டார்.

மதியம் இரண்டு முதல் நான்கு வரை ஒன்றும் வைக்கவில்லை. வேண்டுமென்றே விட்ட இடைவெளி. அதை என்ன செய்வது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஓர் அறையில் படுக்கை விரிப்பை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னோர் அறையில் காலையில் கட்டிய புடவையைத் துவைத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. நான் எதுவும் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் வேலை தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு ஐந்து அறைகளிலும் சத்தமே இல்லை. பட்டப்பகலில், பிறர் வந்து எழுப்ப மாட்டார்கள் என்ற தைரியத்தில் பதினேழு பெண்கள் தூங்குவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான்கரை மணிக்குக் கடற்கரைக் கோயில். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. வடபுறம் சுற்றி மணலில் இறங்கும்போது என் கைபேசி அடித்தது. எங்களில் ஒருத்தியின் கணவர். அவளைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"அக்கா, அவ கடல்ல எறங்க வேணாம். நீங்கதான் பாத்துக்கணும்."

"கடல் எப்படி இருக்குன்னு பாத்துட்டு நாங்க எல்லாரும் சேந்து முடிவு பண்ணுவோம் தம்பி. எறங்கறதும் எறங்காததும் அவங்க விருப்பம். நான் தடுக்க மாட்டேன். தள்ளவும் மாட்டேன்."

"ஒங்களை நம்பித்தானே அனுப்புனேன்?"

"பத்திரமா கூட்டினு வரேன்னு சொன்னேன். அது என் பொறுப்பு. அவங்களுக்குப் பதிலா முடிவெடுக்கறேன்னு நான் சொல்லவே இல்லையே."

போனை வைத்துவிட்டார். அவர் பயத்தை நான் கிண்டல் செய்யவில்லை. மாமல்லபுரம் கடல் உண்மையிலேயே ஆபத்தானது. வருடா வருடம் உயிர்கள் போகின்றன. குளிக்கக் கூடாது என்ற எச்சரிக்கைப் பலகைகள் சும்மா வைத்தவை இல்லை. ஆனால் ஆபத்தைச் சொல்லிப் பெண்களைக் கரையில் நிறுத்தி வைப்பதால் அவர்கள் காப்பாற்றப்படுவதில்லை என்பதற்கும் இதே கடற்கரை சாட்சி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005இல் ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கை, கடலூரில் இறந்தவர்களில் பெண்கள் ஆண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது. ஆண்கள் பலர் படகில் நடுக்கடலில் இருந்தார்கள், அங்கே அலை உயரவில்லை. பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள், வீட்டில் குழந்தைகளோடு இருந்தார்கள். நீந்தத் தெரிந்தவர்களும் மரம் ஏறத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள். கடலோடு பழகவிடாமல் வைத்திருந்ததே பெண்களைக் கொன்ற காரணங்களில் ஒன்றானது.

கருவாடு விற்றுக்கொண்டிருந்த மீனவப் பெண் ஒருவரிடம் கேட்டோம். அவர் எழுந்து வந்து கைநீட்டிக் காட்டினார். "அந்தாண்ட அலை ஒடையாம, தண்ணி அமைதியா தெரியுது பாரு, அங்கதான் இழுக்கும். அமைதியா இருக்குதேன்னு போனா போனதுதான். இங்க அலை ஒடையுது, தரை மேடு. முட்டி வரைக்கும் நில்லுங்க, போதும்." கடல் படிக்கத் தெரிந்தவரின் பாடம். கரையிலிருந்து உள்ளே திரும்பும் நீரோட்டம், அலை உடையாத அந்த இடைவெளி வழியாகத்தான் ஓடும். அதில் சிக்கினால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய் வெளியேற வேண்டும் என்பார்கள். எங்களுக்கு நீச்சல் தெரியாது. அதனால் முட்டிதான் எல்லை.

மணலில் வட்டமாக உட்கார்ந்து, வாரக் கூட்டம் போலவே பேசி விதிகள் வைத்தோம். மூன்று மூன்று பேராகக் கைகோத்துப் போவது. முட்டிக்கு மேல் தண்ணீர் வந்தால் பின்வாங்குவது. ஒருத்தி கரையில் நின்று எண்ணிக்கொண்டே இருப்பது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவது. விசில் ஊதினால் கேள்வி கேட்காமல் வெளியே வருவது. கையைத் தூக்கி ஒத்துக்கொண்டார்கள். வீட்டில் சொல்லும் "போகாதே" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒருத்தி கேட்டாள். இதற்குக் காரணம் சொல்லியிருக்கிறோம், காரணம் மாறினால் விதியும் மாறும் என்றேன். "போகாதே"வுக்கு இரண்டும் கிடையாது.

புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். முதல் அலையில் எழுந்த கூச்சலுக்குக் கரையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். கொஞ்ச நேரம் கழித்து யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதை எங்கள் பெண்கள் கவனிக்கவில்லை. காலடி மணலை அலை அரித்துக்கொண்டு போகும்போது "யம்மா, பூமி நவுருது!" என்று அலறினாள் 45 வயதுப் பெண் ஒருத்தி. பிள்ளைகள் இருவரும் கல்லூரியில் படிக்கிறார்கள். கடல் அவள் காலைத் தொடுவது அதுதான் முதல் முறை.

கணவர் போன் செய்த பெண் மணலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னதை அவளிடம் மறைக்காமல் சொல்லியிருந்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அவரு சொன்னாருன்னு இல்லக்கா. எனக்கே பயமா இருக்குது. இன்னிக்கு வேணாம்" என்றாள். அவள் ஓடிப் போய் அலையில் நிற்பாள் என்று நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருந்தேன். அவருக்கு அதுதான் பதிலாக இருக்கும் என்று பட்டது. ஆனால் யாருக்கோ பதில் சொல்வதற்காக அவளைக் கடலில் இறக்குவதும் அவளுடைய விருப்பம் இல்லைதானே. அவள் கரையில் உட்கார்ந்து எண்ணும் வேலையை எடுத்துக்கொண்டாள். பத்து நிமிடம் முடிந்தும் யாருக்கும் மாற்றித் தரவில்லை.

அதே கரையில் சறுக்குப் பலகைகளோடு சின்னப் பெண்கள் சிலர் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தி சக்கரப் பலகை ஓட்டுவதையும் அவளுடைய அம்மாவின் வாழ்க்கையையும் சொல்லும் 'கமலி' என்ற குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் பெயரைச் சொன்னதும் கருவாட்டுக்காரப் பெண்ணுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க ஊர்ப் பொண்ணு!"

இரவு பொரித்த மீனும் பரோட்டாவும். யாரும் பரிமாறவில்லை, எல்லோருக்கும் பரிமாறப்பட்டது. முதலில் ஆண்கள், பிறகு பிள்ளைகள், கடைசியில் சட்டியில் மிஞ்சியது என்ற வரிசை இல்லை. வஞ்சிரத்தின் நடுத்துண்டு யாருக்கு என்ற சண்டை மட்டும் வந்தது. நடுத்துண்டு கேட்டு அவர்கள் சண்டை போட்டது எனக்குப் பிடித்திருந்தது.

மொட்டைமாடியில் நைட்டியோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். வேனுக்கு 9,500, அறைகளுக்கு 7,500, இரண்டு நாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கியது 7,200, நுழைவுச் சீட்டு 720. சேர்த்த 27,000 ரூபாயில் 2,080 மீதி. பேச்சு ஔவையாரிடம் போனது. ஊர் சுற்றுவதற்காக இளமை வேண்டாம் என்று பிள்ளையாரிடம் கேட்டுக் கிழவியானாராம். காரைக்கால் அம்மையாரோ பேயுருவே கேட்டு வாங்கிக்கொண்டு கயிலைக்குப் போனார். நம் கதைகளில் தனியாக நடந்த பெண்கள் எல்லாம் உடம்பை வழியில் கழற்றி வைத்துவிட்டுத்தான் நடந்திருக்கிறார்கள். "எனக்கு யாரும் போன் பண்ணல, கவனிச்சியா?" என்றார் ஆயா. "கெழவி ஆனப்புறம்தான் வுட்டாங்க. நீங்க அதுவரைக்கும் காத்துனு இருக்காதீங்க."

அடுத்த வருடம் எங்கே என்ற பேச்சு வந்தது. தரங்கம்பாடி என்றார்கள், ஏலகிரி என்றார்கள். யார் கூட்டிப் போவது என்றபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மறுத்தேன். குழுவில் பிரதிநிதிகளை மாற்றுவது போல இதையும் மாற்ற வேண்டும். ஒரே ஆளிடம் இருந்தால் பொறுப்பு மெல்ல மெல்லக் காவலாகிவிடும். அந்தத் தெருவுக்கு நான்தான் இன்னொரு மாமியார் என்று ஆகிவிடும். இளையவள் தான் செய்வதாகச் சொன்னாள். தீர்மான நோட்டு கொண்டு வரவில்லை, செலவுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தீர்மானம் எழுதிப் பதினெட்டுக் கையெழுத்து வாங்கினோம்.

அவளிடம் ஒப்படைக்க அடுத்த பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். முன்னாலேயே ஒருமுறை போய்க் கழிப்பறைகளைப் பார். நாப்கின் இரண்டு பாக்கெட் கூடுதலாக வை. அந்த ஊர்ப் பெண்ணிடம் வழி கேள். பகலில் இரண்டு மணி நேரம் காலியாக விடு. கடல் என்றால் விசில், மலை என்றால் கம்பு. இறங்கும்போதும் ஏறும்போதும் தலையை எண்ணு. எண்ணுவதோடு நிறுத்திக்கொள்.